வாசகர் கேள்வி பதில்: நடைபாதையின் அகலத்தை எங்கே அளக்க வேண்டும்?

நடைபாதைகளும் சைக்கிள் பாதைகளும் எந்த அளவுகளின்படி திட்டமிடப்படுகின்றன என்று வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, சாலை வடிவமைப்பில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்ற பொறியாளர் ஒருவர் இங்கே பதில் எழுதுகிறார். ஒரே பொருளைப் பற்றிய கடிதங்களைச் சேர்த்து ஒரே கேள்வியாகத் தந்திருக்கிறோம்.

கேள்வி: எங்கள் சாலையின் நடைபாதை 2 மீட்டர் அகலம் என்று திட்ட ஆவணத்தில் இருக்கிறது. ஆனால் நானும் என் மனைவியும் அதில் சேர்ந்து நடக்க முடிவதில்லை; ஒருவர் பின் ஒருவராகத்தான் போகிறோம். ஆவணம் தவறா, எங்கள் எதிர்பார்ப்பு தவறா?

பதில்: உங்கள் எதிர்பார்ப்பில் எந்தத் தவறும் இல்லை. ஆவணத்தில் இருக்கும் எண்ணும் பொய்யாக இருக்க வேண்டியதில்லை. அது ஓரக்கல்லின் விளிம்பிலிருந்து கட்டடத்தின் சுவர் வரை அளந்த அகலம். நடப்பவருக்குக் கிடைக்கும் அகலம் வேறு. ஓரக்கல்லிலிருந்து அரை மீட்டர் உள்ளே ஒரு விளக்குக் கம்பத்தின் உட்பக்கம் வருகிறது என்று வையுங்கள். எதிர்ப்பக்கத்தில் ஒரு வாசற்படி 40 செ.மீ. வெளியே நீண்டிருக்கிறது. எஞ்சியிருப்பது 1.1 மீட்டர். அதிலும் மனிதர்கள் சுவரை உரசிக்கொண்டோ விளிம்பில் காலை வைத்தோ நடப்பதில்லை. விளிம்பிலிருந்து சுமார் 45 செ.மீ., சுவரிலிருந்து அதைவிடச் சற்றுக் கூடுதலாகத் தள்ளியே நடக்கிறார்கள் என்பதை நடையோட்டத்தைக் கணக்கிடும் நூல்கள் நீண்ட காலமாகவே பதிவு செய்து வந்திருக்கின்றன.

இதனால்தான் இன்றைய தர அளவுகள் நடைபாதையை ஒரே பட்டையாகக் கருதாமல் மூன்று பட்டைகளாகப் பிரிக்கின்றன. சாலையை ஒட்டிய பட்டையில் மரம், விளக்குக் கம்பம், பெயர்ப்பலகை, இருக்கை எல்லாம் நிற்கும். கட்டடத்தை ஒட்டிய பட்டை, கதவு திறக்கவும் படியிறங்கவும் கண்ணாடி வழியே உள்ளே பார்க்க ஒருவர் நிற்கவும் ஆகும். இரண்டுக்கும் நடுவே எந்தப் பொருளும் இல்லாமல், மேலே தாழ்ந்த கிளையோ பலகையோ தலையில் இடிக்காமல் இருக்க வேண்டியது நடைப் பட்டை. சாலைகளுக்கான தர அளவுகளை வகுக்கும் அமைப்பான இந்திய சாலைக் காங்கிரஸ் 2012இல் வெளியிட்ட ஐஆர்சி 103 வழிகாட்டுதல், இந்த நடைப் பட்டைக்குக் குறைந்தபட்சம் 1.8 மீட்டர் அகலமும் 2.2 மீட்டர் உயரமும் தடையின்றி இருக்க வேண்டும் என்கிறது. கடைகள் நெருங்கிய பகுதிகளுக்கு இன்னும் கூடுதலாகக் கேட்கிறது. பிரிட்டனின் வழிகாட்டுதல் வழக்கமான அளவாக 2 மீட்டரைச் சொல்கிறது. தவிர்க்கவே முடியாத தடை இருக்கும் இடத்தில் 1 மீட்டர் வரை குறுகலாம் என்று அது அனுமதித்தாலும், அந்தக் குறுகல் 6 மீட்டர் நீளத்துக்கு மேல் தொடரக் கூடாது என்று உடனே கட்டுப்படுத்துகிறது. 1.8 மீட்டர் என்ற எண் யாரோ மனம் போன போக்கில் எழுதியதன்று. எதிரெதிரே வரும் இரண்டு சக்கர நாற்காலிகள் ஒன்றையொன்று கடக்கத் தேவையான அகலம் அது.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். நடைக்கு 1.8, சாலையோரப் பொருள்களுக்கு 1, கட்டடத்தை ஒட்டி 0.5 என்றால் மொத்தம் 3.3 மீட்டர் வேண்டும். உங்கள் சாலையில் 2 மீட்டர்தான் இருக்கிறதென்றால், கம்பங்களும் மரங்களும் நிற்பதற்கு நடைபாதைக்கு வெளியே, அதாவது வாகனம் நிறுத்தும் வரிசையில், இடம் பார்த்திருக்க வேண்டும். இடம் இல்லை என்று சொல்லப்படும் பெரும்பாலான சாலைகளில் வாகனம் நிறுத்துவதற்கு மட்டும் எப்படியோ இடம் இருந்துவிடுகிறது. இரண்டு மரங்களுக்கு நடுவே ஒரு கார் என்று அந்த வரிசையை அமைத்தால், மரத்தையும் வெட்ட வேண்டியதில்லை, நடைப் பட்டையும் குறையாது.

என் பணிக்காலத்தில் இளம் பொறியாளர்களுக்கு முதலில் கொடுத்த வேலை அளவு நாடாவோடு நடப்பதுதான். நடைபாதையின் நடுவே நின்று சராசரி எடுக்க வேண்டாம், எந்த இடத்தில் உங்கள் தோள் தானாகத் திரும்புகிறதோ அந்த இடத்தில் அளந்து எழுதுங்கள் என்பேன். நூறு மீட்டருக்கு 2 மீட்டரும் ஓரிடத்தில் 70 செ.மீட்டரும் உள்ள நடைபாதை, சக்கர நாற்காலியில் வருபவருக்கு 70 செ.மீ. நடைபாதைதான். அவர் அங்கே சாலையில் இறங்கியாக வேண்டும். அதற்கும் சாய்தளம் இருக்காது.

கேள்வி: எங்கள் பகுதியில் நடைபாதையை முழங்கால் உயரத்துக்குக் கட்டியிருக்கிறார்கள். உயரமாக இருந்தால் வாகனங்கள் ஏறாது, பாதுகாப்பு என்கிறார்கள். வயதானவர்கள் ஏற முடியாமல் சாலையிலேயே நடக்கிறார்கள். உயரத்துக்கு அளவு ஏதும் உண்டா?

பதில்: உண்டு. மேலே சொன்ன இந்திய வழிகாட்டுதல் 150 மி.மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்கிறது; பிற நாடுகளின் நடைமுறையும் ஏறத்தாழ இதே அளவில்தான் இருக்கிறது. 150 மி.மீ. என்பது படிக்கட்டில் ஒரு சாதாரணப் படியின் உயரம். அதற்கு மேல் போனால் மூட்டு வலி உள்ளவர் தயங்குவார், குழந்தை வண்டியைத் தள்ளி வருபவர் ஒதுங்குவார். உயரம் வாகனத்தைத் தடுத்ததோ இல்லையோ, யாருக்காகக் கட்டினோமோ அவர்களைத் தடுத்துவிட்டது.

உயரம் கூடினால் சாய்தளமும் நீளும். சக்கர நாற்காலிக்கான சாய்தளத்தின் சரிவு 12க்கு 1 என்ற விகிதத்தைவிடச் செங்குத்தாக இருக்கக் கூடாது என்பது பல நாடுகளும் ஏற்றுக்கொண்ட வரம்பு. 150 மி.மீ. உயரத்துக்கு 1.8 மீட்டர் நீளம் வேண்டும், 300 மி.மீ. உயரமென்றால் 3.6 மீட்டர். நடைபாதையின் மொத்த அகலமே 2 மீட்டர் எனும்போது 3.6 மீட்டர் சாய்தளத்தை எங்கே வைப்பது? அப்போதுதான் செங்குத்தான, பெயருக்கு ஒரு சரிவைக் கட்டிவிட்டு விதியை நிறைவேற்றியதாகக் கோப்பில் எழுதிக்கொள்கிறார்கள்.

சாய்தளத்தின் அடியில் விடப்படும் சிறு மேட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஒரு கள ஆய்வின்போது நானே சக்கர நாற்காலியில் உட்கார்ந்து சாலையைக் கடந்து பார்த்தேன். வரைபடத்தில் எல்லாம் சரியாக இருந்தது. ஆனால் சாய்தளம் தார்ச்சாலையைச் சந்திக்கும் இடத்தில் ஏறத்தாழ 2 செ.மீ. உயரத்துக்கு ஓர் விளிம்பு நின்றது. நிற்கும்போது என் கண்ணுக்கு அது படவே இல்லை. நாற்காலியின் சிறிய முன்சக்கரங்கள் அதில் முட்டி நின்றன. என் உடல் முன்னால் சாய்ந்தது. பின்னால் வந்த வண்டி ஒலி எழுப்பியது. பின்பக்கமாகத் திரும்பி, பெரிய சக்கரத்தை முதலில் ஏற்றித்தான் என்னால் மேலே வர முடிந்தது. பிரிட்டனின் வழிகாட்டுதல் அந்த விளிம்பு 6 மி.மீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஏன் அத்தனை நுணுக்கமாகச் சொல்கிறது என்பது அன்று எனக்குப் புரிந்தது. புதிதாகத் தார் போடும்போது இந்த அளவு மாறிவிடும் என்பதால், சாலையைப் புதுப்பிக்கும் ஒவ்வொரு முறையும் இதை மறுபடி சரிபார்க்க வேண்டும்.

இன்னொன்று. வீடுகளின் வாகன வாயில்கள் இருக்கும் இடமெல்லாம் நடைபாதையை இறக்கி இறக்கி ஏற்றுவது தவறான வழக்கம். நடைபாதை அதே மட்டத்தில் தொடர வேண்டும்; வாகனம்தான், சாலையோரப் பட்டைக்குள் அமைந்த குட்டையான சரிவில் ஏறி, நடைபாதையைக் கடந்து உள்ளே போக வேண்டும். நெதர்லாந்தில் இதற்கென்றே வார்க்கப்பட்ட சரிவுக் கற்கள் உண்டு. யாருடைய இடத்தை யார் கடக்கிறார்கள் என்பதை அந்த ஒரு கல்லே ஓட்டுநருக்குச் சொல்லிவிடும்.

கேள்வி: சாலையின் ஓரத்தில் வெள்ளைக் கோடு போட்டுச் சைக்கிள் படத்தை வரைந்துவிட்டால் அது சைக்கிள் பாதையாகிவிடுமா? எந்தச் சாலைக்குத் தனிப் பாதை வேண்டும், எதற்கு வேண்டாம் என்பதை எப்படி முடிவு செய்கிறார்கள்?

பதில்: அந்தச் சாலையில் எத்தனை வாகனங்கள், எந்த வேகத்தில் போகின்றன என்ற இரண்டையும் வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். இங்கிலாந்துக்காக 2020இல் வெளியான சைக்கிள் வடிவமைப்பு வழிகாட்டுதல், நாளொன்றுக்கு 2,500 வாகனங்களுக்கு மேல் ஓடும் சாலையிலும், மணிக்கு 20 மைலுக்கு, அதாவது சுமார் 32 கி.மீட்டருக்கு, மேற்பட்ட வேகமுள்ள சாலையிலும் பெரும்பாலானவர்கள், அதுவும் குழந்தைகளோடு வருபவர்கள், வாகனங்களோடு கலந்து சைக்கிள் ஓட்ட மனம் ஒப்ப மாட்டார்கள் என்கிறது. அந்த அளவுக்குக் கீழே இருக்கும் குடியிருப்புத் தெருக்களில் தனிப் பாதை தேவையில்லை. வேகத்தைக் குறைத்து, குறுக்கு வழியாகப் புகுந்து போகும் வாகனங்களை நிறுத்தினால் தெருவே சைக்கிள் பாதையாகிவிடும். 2020 பிப்ரவரியில் ஸ்டாக்ஹோமில் கூடிய உலக நாடுகளின் சாலைப் பாதுகாப்பு மாநாடு, நடப்பவர்களும் சைக்கிளும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கி.மீ. வேக வரம்பைக் கோரியதும் இந்தக் காரணத்தால்தான். வாகனம் மோதும் வேகம் மணிக்கு 50 கி.மீட்டரிலிருந்து 65 ஆகும்போது நடப்பவர் இறக்கும் அபாயம் நான்கரை மடங்காகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது.

பெரிய சாலைகளில் வெள்ளைக் கோடு போதாது. கோடு எந்த வாகனத்தையும் நிறுத்துவதில்லை. அதன்மேல் நிறுத்தப்பட்ட ஒரே ஒரு வண்டி, சைக்கிளில் வரும் சிறுவனை வேகமாக ஓடும் வாகனங்களுக்கு நடுவே தள்ளிவிடும். அங்கே ஓரக்கல்லாலோ மட்ட வேறுபாட்டாலோ பிரிக்கப்பட்ட பாதை வேண்டும். நிறுத்தியிருக்கும் கார்களை ஒட்டிப் பாதை போனால், திடீரெனத் திறக்கும் கதவுக்காக ஏறத்தாழ 1 மீட்டர் இடைவெளி விட வேண்டும்.

அகலத்தைப் பொறுத்தவரை, மனிதர் நிற்கும்போது பிடிக்கும் இடத்தைவிட ஓட்டும்போது பிடிக்கும் இடம் கூடுதல் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். ஓடும் சைக்கிளுக்குச் சுமார் 1 மீட்டர் தேவை. வேகம் குறையக் குறைய ஆட்டம் கூடும் என்பதால், ஏற்றத்தில் மெதுவாக மிதிப்பவருக்குச் சமதரையைவிட அகலமான இடம் கொடுக்க வேண்டும். நடைமுறையில் இதற்கு நேர்மாறாக ஏற்றத்தில்தான் பாதை குறுகுகிறது. அதே இங்கிலாந்து வழிகாட்டுதல், ஒரு திசைப் பாதைக்குச் சைக்கிள்கள் குறைவாக ஓடும் இடத்தில்கூட 2 மீட்டரையும், இரு திசைப் பாதைக்கு 3 மீட்டரையும் விரும்பத்தக்க அளவாக வைக்கிறது. பாதையின் ஓரத்தில் 60 செ.மீட்டருக்கு மேல் உயர்ந்த சுவரோ வேலியோ இருந்தால் அந்தப் பக்கம் இன்னும் அரை மீட்டர் சேர்க்கச் சொல்கிறது. கைப்பிடி சுவரில் உரசிவிடும் என்ற பயத்தில் எல்லோரும் நடுவே ஓட்டுவார்கள் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

ஆனால் அகலம், பிரிப்பு எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது தொடர்ச்சியைத்தான். நெதர்லாந்து இதைச் செலவு செய்தே கற்றுக்கொண்டது. 1970களின் தொடக்கத்தில் அந்தச் சிறிய நாட்டில் ஆண்டுக்கு 3,000க்கும் மேற்பட்டோர் சாலைகளில் இறந்தார்கள். அவர்களில் நானூறுக்கும் மேற்பட்டோர் குழந்தைகள். பெற்றோர்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். அதன்பின் அரசு ஹேக், டில்பர்க் ஆகிய இரு நகரங்களில் மிக நல்ல தரத்தில் தலா ஒரு சைக்கிள் தடத்தை அமைத்துச் சோதித்தது. அந்தத் தடங்களில் சைக்கிள்கள் கூடினவே தவிர, நகரம் முழுவதுமாகப் பார்த்தால் பெரிய மாற்றம் ஏற்படவில்லை. பிறகு டெல்ஃப்ட் நகரில், துண்டு துண்டாக இருந்த பாதைகளைப் பாலங்களாலும் சுரங்கப் பாதைகளாலும் இணைத்து நகரம் முழுவதற்கும் ஒரே வலையாக்கினார்கள். அங்கேதான் சைக்கிள் பயணங்களின் பங்கு உயர்ந்தது. ஸ்பெயினின் செவில் நகரம் இதே பாடத்தை 2000களின் பிற்பகுதியில் மிக விரைவாக நடத்திக் காட்டியது. வாகன நிறுத்த இடங்களை எடுத்து, ஓரிரு ஆண்டுகளில் ஏறத்தாழ 80 கி.மீ. நீளத்துக்கு ஒன்றோடொன்று இணைந்த பாதைகளைக் கட்டியதால், சைக்கிளே அபூர்வமாக இருந்த அந்நகரில் அது அன்றாடக் காட்சியானது. நெதர்லாந்தின் வடிவமைப்புக் கையேடு வகுத்த ஐந்து தேவைகளில் இணைப்பும் ஒன்று. நேர்வழி, பாதுகாப்பு, வசதி, இனிமை ஆகியவை மற்ற நான்கு. பாதை நடுவில் அறுந்தால் மற்ற நான்கும் அந்த இடத்திலேயே பயனற்றுப் போகின்றன.

கேள்வி: எனக்குப் பார்வை இல்லை. நடப்பவர்களுக்கும் சைக்கிள்களுக்கும் பொதுவான பாதை ஒன்றை எங்கள் பூங்காவை ஒட்டி அமைத்திருக்கிறார்கள். சைக்கிள் வருவது எனக்குக் கேட்பதே இல்லை. பக்கத்தில் காற்று வீசும்போதுதான் தெரிகிறது. இதைத் தர அளவுகள் அனுமதிக்கின்றனவா?

பதில்: உங்கள் கடிதத்தில் உள்ள அந்த ஒரு வரி, பொதுப் பாதையைப் பற்றி நான் எழுதக்கூடிய எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறது. சில நாடுகளில் இத்தகைய பாதைகளுக்கு அனுமதி உண்டு. ஆனால் நகரத் தெருக்களில் இதைக் கடைசி வழியாகவே கொள்ள வேண்டும் என்பது இங்கிலாந்தின் 2020 வழிகாட்டுதலின் நிலை. என் நிலையும் அதுதான். ஆள் நடமாட்டம் குறைந்த ஊர்ப்புறப் பாதைகளுக்கு வேண்டுமானால் பொருந்தும். மணிக்கு 5 கி.மீட்டரில் நடப்பவரையும் 20 கி.மீட்டரில் ஓட்டுபவரையும் குறுகிய ஒரே பட்டையில் விட்டுவிட்டு, ஒருவரையொருவர் மதித்து நடக்க வேண்டும் என்று பலகை வைப்பது வடிவமைப்பாகாது.

பிரிப்பதென்றால் உங்கள் கைத்தடிக்கும் காலுக்கும் தெரியும்படி பிரிக்க வேண்டும். வண்ணக் கோடு உங்களுக்கு எதையும் சொல்லாது. நடைபாதைக்கும் சைக்கிள் பாதைக்கும் இடையே குறைந்தது 60 மி.மீ. மட்ட வேறுபாடு இருந்தால்தான் பார்வையற்றோரால் நம்பிக்கையாக உணர முடிகிறது என்று லண்டனில் நடந்த சோதனைகள் காட்டின. அந்த விளிம்பைச் செங்குத்தாக விடாமல் சாய்வாக அமைத்தால் சைக்கிளின் மிதிகட்டை அதில் இடிக்காது; தவறி ஏறினாலும் சக்கரம் சறுக்காது.

இதோடு தரையில் பதிக்கும் தொடு உணர்வுக் கற்களும் வேண்டும். ஜப்பானியரான செய்ஈச்சி மியாகே 1965இல் கண்டுபிடித்து, 1967இல் ஒகயாமா நகரில் பார்வையற்றோர் பள்ளிக்கு அருகே முதன்முதலாகப் பதிக்கப்பட்டவை இவை. நீண்ட வரிகள் உள்ள கல் ‘இந்தத் திசையில் போகலாம்’ என்கிறது. புள்ளிகள் உள்ள கல் ‘நில், முன்னே சாலையோ படியோ இருக்கிறது’ என்கிறது. இவ்விரண்டும் ஒரு மொழியின் எழுத்துகள். அழகுக்காக இடம் மாற்றிப் பதித்தால் அந்த மொழி பொய் சொல்லும். வரிக்கற்களை வளைத்து வளைத்துக் கொண்டுபோய் ஒரு மின்பெட்டியின் முன் நிறுத்தியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பதித்தவர் கற்களைச் சீராகவே பதித்திருந்தார், அவை எதற்கென்று அவருக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. உங்களைப் போன்றவர்களை வடிவமைப்புக் கட்டத்திலேயே அழைத்து, வரைபடத்தைக் களத்தில் நடந்து சரிபார்க்கச் செய்திருக்க வேண்டும். இனியும் அதைக் கேட்டுப் பெற உங்களுக்கு முழு உரிமை உண்டு.

கேள்வி: இருசக்கர மோட்டார் வண்டிகள் நடைபாதையில் ஏறாமல் இருக்கத் தடுப்புக் குண்டுகளை, அதாவது குட்டையான தடுப்புக் கம்பங்களை, எவ்வளவு நெருக்கமாக நட வேண்டும்?

பதில்: எவ்வளவு நெருக்கினாலும் முழுப் பயன் கிடைக்காது. சக்கர நாற்காலி சுமார் 70 செ.மீ. அகலம், தள்ளும் கைகளையும் சேர்த்தால் 90 செ.மீ. வேண்டும். அந்த இடைவெளியில் மோட்டார் சைக்கிள் தாராளமாக நுழையும். அதைத் தடுக்க இன்னும் நெருக்கினால் முதலில் தடைபடுவது நாற்காலி. குண்டுகளால் கார்களைத் தடுக்க முடியும், 1.2 மீட்டர் முதல் 1.5 மீட்டர் வரை இடைவெளி விட்டால் காரும் நுழையாது, நாற்காலியும் மூன்று சக்கர சைக்கிளும் தடையின்றிப் போகும். கொலம்பியாவின் பொகோட்டா நகரம் 1990களின் இறுதியில் நடைபாதைகளில் ஏறி நின்ற கார்களை இப்படித்தான் அப்புறப்படுத்தியது. அப்போதைய மேயர் என்ரிக்கே பெனியலோசா அதற்காகக் கடும் எதிர்ப்பைச் சந்தித்தார். இருசக்கர வாகனங்களுக்குக் கண்காணிப்பும் அபராதமும்தான் வழி. கூடவே, அவை ஏன் ஏறுகின்றன என்றும் பாருங்கள். பல இடங்களில் எதிர்த்திசையில் சிறிது தூரம் போக வழி இல்லாததும், திரும்பும் இடம் மிகத் தொலைவில் இருப்பதும்தான் காரணமாக இருக்கும். அது சாலைத் திட்டத்தில் திருத்த வேண்டியது.

கேள்வி: சாலையைக் கடக்க நடைமேம்பாலம் கட்டினால் பாதுகாப்புதானே? கட்டிய பிறகும் மக்கள் கீழேயே கடக்கிறார்கள் என்று அவர்களைக் குறை சொல்கிறார்கள். சிக்னலில் பச்சை விளக்கும் பாதி தூரத்திலேயே அணைந்துவிடுகிறது.

பதில்: வாகனங்களுக்கு மேலே போதிய இடைவெளி விட்டுக் கட்டும் மேம்பாலத்தின் நடைதளம் சாலையிலிருந்து ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒரு படி 15 செ.மீ. என்றால் ஏற 40 படிகள், இறங்க 40 படிகள். பதினான்கு மீட்டர் சாலையைக் கடக்க எண்பது படிகளைக் கேட்கிறோம். சைக்கிளுக்கும் நாற்காலிக்கும் சரிவு கட்டலாம் என்பார்கள். நூற்றுக்கு 5 என்ற சரிவிலேயே 6 மீட்டர் ஏற 120 மீட்டர் வேண்டும்; அந்தச் சரிவிலும் ஒரே மூச்சில் 30 மீட்டருக்கு மேல் சைக்கிளை ஏற்றச் சொல்லக் கூடாது என்பது வழிகாட்டுதல். ஆகவே கீழே கடப்பவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நகரச் சாலையில் கடக்கும் இடம் தரைமட்டத்திலேயே இருக்க வேண்டும். விரைவுச்சாலை, ரயில்பாதை போன்றவற்றைக் கடந்தே ஆக வேண்டுமென்றால், மேம்பாலத்தைவிடச் சுரங்கப் பாதை மேல்; நடப்பவரின் தலைக்கு மேல் வேண்டிய உயரம் குறைவு என்பதால் சுமார் 3 மீட்டர் இறங்கி ஏறினால் போதும், சைக்கிளுக்கு இறங்கும் வேகமே ஏறவும் உதவும். ஆனால் உள்ளே நுழையும்போதே மறுமுனையின் வெளிச்சம் தெரியும்படி அது நேராகவும் அகலமாகவும் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பெண்கள் அதில் இறங்க மாட்டார்கள், இறங்கவும் கூடாது.

பச்சை விளக்கின் நேரம், மனிதர் எந்த வேகத்தில் நடப்பார் என்ற ஓர் அனுமானத்திலிருந்து பிறக்கிறது. விநாடிக்கு 1.2 மீட்டர் என்பது நீண்ட கால வழக்கம். பதினான்கு மீட்டர் சாலைக்கு அந்தக் கணக்கில் 12 விநாடிகள் போதும். அமெரிக்காவின் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுச் சாதனக் கையேடு 2009இல் அதை விநாடிக்கு 1.07 மீட்டராகக் குறைத்தது. அப்போது 13 விநாடிகளுக்குச் சற்று மேல். கைத்தடி ஊன்றி விநாடிக்கு 0.8 மீட்டர் நடக்கும் மூதாட்டிக்கு அதே சாலையைக் கடக்க பதினேழரை விநாடிகள் ஆகும். பன்னிரண்டாவது விநாடியில் அவர் சாலையில் இன்னும் 4 மீட்டருக்கு மேல் கடக்க வேண்டியவராக நிற்கிறார். உங்கள் கடிதத்தில் பச்சை விளக்கு பாதியிலேயே அணைகிறது என்பது இதுதான். நேரத்தைக் கூட்டலாம், சாலையின் நடுவே குறைந்தது 2 மீட்டர் அகலத்துக்கு நின்று இளைப்பாறும் திட்டு அமைக்கலாம், இரு ஓரங்களிலும் நடைபாதையை வெளியே நீட்டிக் கடக்கும் தூரத்தையே குறைக்கலாம். இரண்டாவதும் மூன்றாவதும் சேர்ந்தால் விளக்கையே நம்பியிருக்கத் தேவையில்லாத சந்திப்புகள் பல உண்டு.

சந்திப்பின் மூலை வளைவையும் கவனியுங்கள். அது அகலமான வளைவாக இருந்தால் வாகனங்கள் வேகத்தைக் குறைக்காமலே திரும்பும், கடக்கும் தூரமும் கூடும். வளைவின் ஆரத்தை 3 முதல் 5 மீட்டருக்குள் வைத்தால் ஓட்டுநர் வேகத்தைக் குறைத்தே ஆக வேண்டும். பெரிய லாரி எப்போதாவது வருமே என்று மூலையை அகலமாக்குவது எனக்கு உடன்பாடில்லை. எப்போதாவது வரும் லாரிக்கு ஏறிச் செல்லக்கூடிய தாழ்ந்த கற்பரப்பை அங்கே அமைத்துக் கொடுக்க முடியும்.

கேள்வி: எங்கள் சாலைக்கான புதிய வரைபடம் பொதுமக்கள் கருத்துக்காக வைக்கப்பட்டிருக்கிறது. பொறியியல் படிக்காத நாங்கள் அதில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: ஒரு வீட்டின் வாசலில் விரலை வையுங்கள். அங்கிருந்து பள்ளி வரை நடைபாதை மீது விரலை எடுக்காமல் கொண்டுபோங்கள். விரலைத் தூக்க வேண்டிய ஒவ்வோர் இடத்தையும் வட்டமிடுங்கள். பிறகு சைக்கிள் பாதைக்கும் அதையே செய்யுங்கள். பாதை முடியும் இடத்தில் ஓட்டுபவர் எங்கே போக வேண்டும் என்று வரைபடம் காட்டவில்லையென்றால், அதை வரைந்தவரும் யோசிக்கவில்லை என்று பொருள். பேருந்து நிறுத்தங்களில் காத்திருப்போர் நிற்கும் இடமும் நடப்பவர்கள் கடந்துபோகும் இடமும் தனித்தனியாக இருக்கின்றனவா, சைக்கிள் பாதை நிறுத்தத்தின் பின்புறமாகச் சுற்றிப் போகிறதா என்று பாருங்கள்.

மழைநீர் வடிகால் மூடிகளைப் பற்றியும் கேட்டு எழுதுங்கள். கம்பிகள் பாதையின் நீளவாக்கில் அமைந்தால் சைக்கிளின் மெல்லிய டயர் இடுக்கில் இறங்கி, ஓட்டுபவர் தலைகுப்புற விழுவார். கம்பிகள் குறுக்குவாக்கில் இருக்க வேண்டும். பக்கவாட்டுச் சரிவு நூற்றுக்கு 2க்கு மேல் போகாதபடி கேளுங்கள். தண்ணீர் வடிய அது போதும், அதற்கு மேல் போனால் சக்கர நாற்காலி ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டே போகும்.

எல்லாவற்றுக்கும் மேலாகக் குறுக்குவெட்டுப் படத்தைப் பாருங்கள். அது வழக்கமாகச் சாலை மிக அகலமாக இருக்கும் இடத்தில் வெட்டி வரையப்பட்டிருக்கும். மரமும் சிரித்தபடி நடக்கும் குடும்பமும் அதில் இருக்கும். சாலை மிகவும் குறுகும் இடம் எது என்று உங்கள் தெருவில் குடியிருக்கும் எல்லோருக்கும் தெரியும். அந்த இடத்தின் குறுக்குவெட்டைக் கம்பம், மின்பெட்டி, படி உட்பட எல்லாவற்றையும் காட்டி வரைந்து தரும்படி எழுத்து மூலம் கேளுங்கள். பணம் ஒதுக்கப்படும் முன்பே, கருத்துக் கேட்கும் காலக்கெடுவுக்குள் அந்தக் கடிதம் போய்ச் சேர வேண்டும்.